பாம்பெர்க் பாதாளத்தில் ஒரு ஞாயிறு

பீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

ஒன்றில் ஷூ இருந்தது. இன்னொன்றில் இல்லை!

வீப்கே செல்போன் வெளிச்சத்தை மெல்ல மேலே நகர்த்தினாள்...

நரைத்த தாடி. பிளந்த மண்டை. ரத்தம்!

அல்வின்! இந்த நிலவறையின் சொந்தக்காரர். சற்று முன்பு வாசலில் நின்று டிக்கெட் கிழித்த மனிதர்!

பாம்பெர்க் நகரில், மலைக்கு அடியில் பாறையைக் குடைந்து செய்த பழைய பீர் நிலவறை அது. கீல் நகரிலிருந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்தவள் வீப்கே. மறந்து வைத்த கேமராவை எடுக்க, கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரும்பி வந்திருந்தாள்.

"கேமரா கிடைச்சுதா, மேடம்?"

அலறித் திரும்பினாள். டூர் கைடு கெர்னோட்! வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"இவரை... இவரை யாரோ..."

"யாரோ இல்லை. நான்தான். நாளையிலேர்ந்து டூர் கிடையாது, இழுத்து மூடறேன்னார். என் பொழைப்பே இதுதான்னு கெஞ்சினேன். கேக்கலை. சுத்தியல் பக்கத்துல கிடந்துச்சு... என்ன செய்யச் சொல்றீங்க?"

"கத்துவேன்!"

"தாராளமா! அதோ, காத்து வர்ற ஓட்டை. மேல தோட்டம் வரைக்கும் கேக்கும். ஆனா நம்ம பேய் ஷோ பாத்தீங்கல்ல? 'ஐயோ கொலை, காப்பாத்துங்க'ன்னு தினமும் நாங்களே கத்தறோம். மேல இருக்கறவங்களுக்குக் காது மரத்துப் போச்சு!"

"என்னைக் காணோம்னு தேடுவாங்க!"

"தலைவலின்னு ஹோட்டலுக்குப் போயிட்டீங்க. அப்படித்தான் சொல்லப் போறேன். கூட்டத்தை பஸ் ஏத்திட்டு வந்துடறேன். அப்புறம் உங்க கதையை முடிச்சுடலாம்."

டமார்! இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. வெளியே சாவி திரும்பியது.

போனில் சிக்னல் இல்லை. தொண்டை கிழியக் கத்தினாள். பதில் இல்லை. பாவி, சொன்னது நிஜம்தான்! வீப்கேவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் சுவரோரம் அதைப் பார்த்தாள். புது விளக்கு மாட்டக் கொண்டு வந்த டிரில்லிங் மெஷின்! பேட்டரி இருந்தது!

பூட்டில் வைத்து அழுத்தினாள்.

ட்ர்ர்ர்ர்ர்ர்!

பூட்டு அசையவில்லை. மறுபடியும்... ட்ர்ர்ர்ர்ர்ர்ர்!

"ஏய்! யாருய்யா அது?"

குரல்! ஓட்டை வழியாக, மேலேயிருந்து!

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா டிரில் போடறது? அறிவில்லை?"

மேல் வீட்டுப் பெரியவர் ஓட்டோகார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். அந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை இரைச்சல் போடுவது சட்டப்படி குற்றம். அன்று பக்கத்து வீட்டில் புல் வெட்டினாலே புகார் கொடுக்கிற ஆசாமி.

"ஐயா, காப்பாத்துங்க! இங்க ஒரு கொலை நடந்திருக்கு! என்னையும் கொல்லப் போறான்!"

"தெரியும், தெரியும். தினம் நடக்கற கூத்துதானே? நல்லாத்தான் நடிக்கறே. ஆனா அந்த டிரில்லை நிறுத்து! இல்லைன்னா போலீஸைக் கூப்பிடுவேன்!"

போலீஸ்!

பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமையில் ஓர் ஆணிகூட அடிக்காதவள் வீப்கே. அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கூப்பிட மாட்டீங்க! சும்மா உதார் விடறீங்க!"

"என்ன சொன்னே?"

"உங்களால ஒண்ணும் கிழிக்க முடியாது! ராத்திரி வரைக்கும் போடுவேன்!"

ட்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்!

"இதோ... இப்பவே கூப்பிடறேன்டி!" மேலே ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது.

கை மரத்துப் போகும் வரை போட்டாள். பேட்டரி இறங்க இறங்க மெஷின் முனகியது. நின்றது. கூடவே அவள் நம்பிக்கையும்...

சாவி திரும்பும் சத்தம்!

கதவு திறந்தது. கெர்னோட்! கையில் ரத்தக்கறையோடு சுத்தியல். முகத்தில் பேயறைந்த களை.

"பைத்தியமா உனக்கு? தெருமுனை வரைக்கும் கேக்குது! இன்னிக்கு ஞாயித்துக்கிழமை!"

சுத்தியலை ஓங்கினான். வீப்கே கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"போலீஸ்! யார் இங்க டிரில் போட்டது?"

அவன் முதுகுக்குப் பின்னால் இரண்டு டார்ச் வெளிச்சங்கள்!

கெர்னோட் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நான் இல்லை! இவங்கதான்!" என்றான்.

சுட்டிக்காட்டியது சுத்தியலால்!

போலீஸ்காரியின் கண் முதலில் ரத்தத்துக்குப் போனது. அப்புறம் பீப்பாய்க்குப் பின்னால் தெரிந்த கால்களுக்கு. அடுத்த நிமிஷம் கெர்னோட் தரையில் குப்புறக் கிடந்தான். விலங்கு 'கிளிக்' என்றது.

வீப்கே சுவரில் சாய்ந்து விம்மி விம்மி அழுதாள்.

பின்னாலேயே இறங்கி வந்த ஓட்டோகார் பிணத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

"ஐயா, நீங்க மட்டும் கூப்பிடலைன்னா இந்தம்மாவும் இந்நேரம் பிணம்" என்றாள் போலீஸ்காரி. "மேல உங்களுக்கு எதுவுமே கேக்கலையா? கொலை நடந்திருக்கே!"

ஓட்டோகார் தொப்பியை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"கொலையைப் பத்தி எனக்குப் புகார் எதுவும் இல்லைங்க. அதைச் சத்தமில்லாமத்தான் பண்ணியிருக்கான்!"