திட்டாத ஒருவர்

புதன்கிழமை காலை அம்மா செய்த புதிய இணையதளம் திறந்தது. நான்கே நிமிடத்தில் முதல் திட்டு வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை மிளகு பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்தபோது, திட்டுகள் ஆயிரத்து நானூற்றைத் தாண்டியிருந்தன.

மிளகு என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். ஆள் சின்னது, பேச்சில் காரம் ஜாஸ்தி. பத்து வயது.

அம்மாவுக்கு இணையதளங்களை வடிவமைக்கும் வேலை. இந்தத் தளத்தின் பெயர் 'திருப்புளி', அதாவது ஸ்க்ரூடிரைவர். குழாய் ஒழுகுகிறது, இஸ்திரிப்பெட்டி சூடாகவில்லை என்று யாராவது அதில் எழுதுவார்கள். அதை எப்படிச் சரிசெய்வது என்று இன்னொருவர் சொல்லிக் கொடுப்பார். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஒற்றைச் செருப்பு, ஓட்டைக்குடை, துருப்பிடித்த பூட்டு என்று ஆளுக்கொரு பட்டப்பெயர்.

பழைய தளம் பார்ப்பதற்குச் சாமான்கள் அடைத்த அறை மாதிரி இருக்கும். எது எங்கே இருக்கிறது என்று புதிதாக வருபவருக்குப் புரியாது. அதை மாற்றித் தரும்படி தளத்தின் முதலாளி சொன்னார். அம்மா ஆறு மாதம் உழைத்தாள். வானநீல நிறம், பெரிய படங்கள், வட்டமான பொத்தான்கள். எல்லாம் பளிச்சென்று இருந்தன.

ஆனால் யாருக்கும் பிடிக்கவில்லை.

"பழசைத் திருப்பிக் கொடுங்க!"

"இதைச் செஞ்சவங்க கண்ணை மூடிக்கிட்டுச் செஞ்சாங்களா?"

"எங்க வீட்டுப் பூனை கீபோர்டு மேல நடந்தாகூட இதைவிட நல்லா வந்திருக்கும்."

பூனையைப் படித்ததும் மிளகுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கிக்கொண்டாள். மேஜைமேல் இருந்த டீ ஆறி, ஏடு படிந்து கிடந்தது.

"சாப்பிட்டியாம்மா?"

"பசிக்கல."

"நேத்தும் இதையேதான் சொன்னே."

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆறு மாசம், மிளகு. உன் விளையாட்டு விழாவுக்குக்கூட நான் வரல. எனக்கு இந்த வேலையே தெரியாதுபோல இருக்கு."

கத்திச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னாள். பிறகு எழுந்துபோய்க் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மிளகு அம்மாவின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணை மூடிக் கைகளைக் கூப்பினாள்.

'கடவுளே, ஒரே ஒரு நல்ல வார்த்தை போதும். இத்தனை பேர்ல திட்டாதவங்க ஒருத்தர்கூடவா இருக்க மாட்டாங்க? கண்டுபிடிச்சு அம்மாகிட்ட காட்டணும்.'

படிக்கத் தொடங்கினாள். நூறு திட்டு. இருநூறு திட்டு. கண் எரிந்தது. நல்ல வார்த்தை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. முந்நூறு தாண்டியபோது ஒன்றைக் கவனித்தாள். ஓட்டைக்குடை என்பவர் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப, ஏழு தடவை எழுதியிருந்தார்.

"சிடுமூஞ்சியை யாராவது பார்த்தீங்களா?"

அதற்குக் கீழே வேறு யாரோ, "இங்கே இப்போ எல்லாருமே சிடுமூஞ்சிதான்!" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். அந்தக் கூச்சலில் ஓட்டைக்குடையின் கேள்வியை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மிளகு ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள். "நீங்க யாரைத் தேடுறீங்க? இந்தத் தளத்தைச் செஞ்சவங்களோட பொண்ணு நான். எனக்குப் பத்து வயசு. என்னைத் திட்டாதீங்க."

உடனே பதில் வந்தது.

"உன்னை எதுக்கும்மா திட்டப்போறேன்? பழைய தளத்துல ஒரு மூலையில 'காலைப் பலகை'ன்னு ஒண்ணு இருந்துச்சு. சிடுமூஞ்சியையும் சேர்த்து நாங்க பதினொரு பேர். எல்லாருமே வீட்டுல தனியா இருக்கிறவங்க. காலையில எழுந்ததும் அதுல வந்து 'எழுந்தாச்சு'ன்னு எழுதுவோம். பத்து மணி வரைக்கும் ஒருத்தர் எழுதலேன்னா, மத்தவங்க அவருக்கு போன் பண்ணுவோம். இப்போ அந்தப் பலகையையே காணோம்."

"போன் பண்ணிப் பார்க்க வேண்டியதுதானே?"

"நம்பர், விலாசம் எல்லாம் பலகையில அவங்கவங்க பேரைத் தட்டினாத்தான் வரும். அதான் இருக்கேன்னு யாருமே தனியா எழுதி வெச்சுக்கல. ஊருக்கெல்லாம் ரிப்பேர் வேலை சொல்லித்தர்ற புத்திசாலிங்க நாங்க!"

"அவருக்குப் புதுத் தளத்துக்குள்ள வரத் தெரியலையோ என்னமோ?"

அதற்கும் பதில் வந்தது.

"மத்தவங்க எல்லாரும் வந்து திட்டிட்டாங்க. நானும் திட்டினேன், உங்க அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டேன்னு சொல்லு. சிடுமூஞ்சியும் புதன்கிழமை வந்து ஏகத்துக்கும் திட்டினார். மிச்சத்தை நாளைக்குத் திட்டுறேன்னு சொல்லிட்டுப் போனார். ஒரு ஆணி வளைஞ்சாலே ரெண்டு பக்கத்துக்குத் திட்டி எழுதுற மனுஷன். நேத்துலேருந்து ஒரு வார்த்தை இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

திட்டாத ஒருவரைத்தான் அவள் இவ்வளவு நேரம் தேடினாள். இப்படிக் கிடைப்பார் என்று நினைக்கவில்லை.

ஓடிப்போய் அம்மாவை உலுக்கி எழுப்பி எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவின் முகம் வெளுத்துப்போனது.

"அந்தப் பலகையா? அதுல ஒண்ணுமே இல்லையே, மிளகு. பத்து வருஷமா ஒரே வார்த்தைதான். எழுந்தாச்சு, எழுந்தாச்சுன்னு. குப்பைன்னு நெனச்சு நான்தான் எடுத்தேன். எதுக்கு எழுதுறாங்கன்னு ஒருத்தரையும் கேக்கல." அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்!"

"அம்மா, அழறதை அப்புறம் வெச்சுக்கலாம். பழசோட நகல் உன்கிட்ட இருக்கா, இல்லையா?"

இருந்தது. அம்மா அதைத் திறந்தாள். சிடுமூஞ்சியின் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை. அம்மா உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு விலாசத்தைச் சொன்னாள்.

பிறகு இருவரும் காத்திருந்தார்கள். சன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீண்டுகொண்டே போனது. மிளகு அம்மாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். அவை சில்லென்று இருந்தன.

ஒரு மணி நேரம் கழித்துத் தொலைபேசி அடித்தது. ஆம்புலன்ஸ்காரர் பேசினார்.

"கதவை உடைச்சு உள்ளே போனோம். குளியலறையில வழுக்கி விழுந்திருக்கார். நேத்துக் காலையிலயே விழுந்திருப்பார்போல. மூச்சு இருக்கு. ஆஸ்பத்திரியில சேர்த்துட்டோம்."

"பிழைச்சுடுவாரா?"

"இப்போ எதுவும் சொல்ல முடியாதும்மா."

அம்மா அந்தச் செய்தியை ஓட்டைக்குடைக்கு எழுதி, ஆஸ்பத்திரியின் எண்ணையும் கொடுத்தாள். அடுத்து முதலாளியைக் கூப்பிட்டாள்.

"சார், பழைய பலகை ஒண்ணைத் திரும்ப வைக்கணும்."

"எத்தனை பேருக்கு?" என்ற முதலாளியின் குரல் மிளகுக்கும் கேட்டது.

"பதினொரு பேருக்கு."

"பதினொரு பேருக்காகவா?"

"ஆமா சார்." அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "பதினொரு பேருக்காகத்தான்."

"என்னமோ பண்ணுங்க. ஆனா பழைய முகப்பு மட்டும் திரும்ப வராது. அதைச் சொல்லிட்டேன்."

சனிக்கிழமை காலை மிளகு எழுந்து வந்தபோது பலகை அதன் இடத்தில் இருந்தது. ஓட்டைக்குடை: எழுந்தாச்சு. ஒற்றைச் செருப்பு: எழுந்தாச்சு. துருப்பிடித்த பூட்டு: எழுந்தாச்சு. ஒன்பது மணிக்குள் பத்துப் பேர் எழுதிவிட்டார்கள்.

பதினோராவது பெயருக்கு எதிரே வெறுமையாக இருந்தது.

ஒன்பதரை ஆயிற்று. அம்மா நகத்தைக் கடித்தாள். மிளகு கடவுளிடம் நேற்றைவிட அதிகமாகப் பேசினாள். மணி பத்து அடித்தது. வெறுமை அப்படியே இருந்தது.

"அவ்வளவுதான்," என்று அம்மா முணுமுணுத்தாள். திரையைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மிளகு மட்டும் கண்ணை எடுக்கவில்லை. பத்தே காலுக்கு அந்த இடத்தில் எழுத்துகள் தோன்றின.

"அம்மா! அம்மா, இங்கே பாரு!"

"இது வார்டு நர்ஸ். நீங்கல்லாம் யாருங்க? பத்து மணியிலேருந்து வரிசையா பத்து போன்! ஒரு வேலை ஓடல. இவர் காலையில கண்ணைத் திறந்துட்டார். என் போன்ல அவர் பேருல உள்ளே போய் 'எழுந்தாச்சு'ன்னு எழுதச் சொல்றார். இடுப்பெலும்பு உடைஞ்சிருக்கு, எழுந்திருக்க ரெண்டு மாசம் ஆகும்னு சொன்னா கேக்க மாட்டேங்கிறார். என்னைப் பிடிச்சுத் திட்டுறார். சரின்னு எழுதிட்டேன். எழுந்தாச்சு!"

அம்மா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். மிளகு அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

மறுபக்கத்தில் திட்டுகள் நின்றபாடில்லை. ஆயிரத்து அறுநூற்றைத் தொட்டிருந்தன.

"அதை மூடிடட்டுமாம்மா?"

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்தாள்.

"வேண்டாம். எல்லாத்தையும் முதல்லேருந்து படி. யாருக்கு எது காணாமப் போச்சுன்னு நான் எழுதிக்கிறேன்."

மிளகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.