மூடி போட்ட கிண்ணம்

கோவில்பத்திலிருந்து கருக்களாச்சேரிக்குக் காரில் போனால் ஒரு தூக்கம் போடக்கூட நேரம் இருக்காது. அந்தத் தூரத்தில் போய் விடுமுறையைக் கழிப்பதற்கு ஒருவன் பணம் கட்டப்போகிறான் என்றால் சொந்தக்காரர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சஃபியுல்லா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சார்ஜாவில் வேலை. வருஷத்துக்கு ஒரு மாதம்தான் லீவு, அதுவும் கம்பெனி மாதம் குறித்துக் கொடுப்பதால் எப்போதும் ஜூலையில்தான் வரும். வந்து இறங்கியதுமே வீட்டில் விருந்தாளிகள் நிறைந்துவிடுவார்கள். பெட்டியைத் திறந்து கொடுத்து முடிப்பதற்குள் கிளம்பும் நாள் வந்துவிடும். மகள் நௌஷின் வாப்பாவிடம் ஒரு வார்த்தை பேச வரிசையில் நிற்க வேண்டும். ஒரே ஒரு வாரம், தானும் மனைவியும் மகளும் மட்டும் இருக்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஊட்டி, மூணாறு என்று விசாரித்துப் பார்த்தான். மலைப்பாதை என்று சொன்னாலே அர்ஷியாவுக்குக் குமட்டும். கடைசியில் பேச்சு கடற்கரையோரம் புதிதாகக் கட்டியிருந்த டைம்ஷேர் வில்லாக்களில் வந்து நின்றது.

விற்பனை மேனேஜர் அஷ்வின் வாசலிலேயே நின்று வரவேற்றான். "ஒரு வாரத்தத் தேர்ந்தெடுத்துட்டீங்கன்னா அது உங்க வாரம் சார். வருஷா வருஷம் அதே வாரம், அதே வில்லா. உங்களுக்கப்புறம் பாப்பாவுக்கு."

"ஜூலைக் கடைசி வாரம் கிடைக்குமா?"

அஷ்வின் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தான். "கடைசி வில்லாவுக்கு முந்தினது காலியாத்தான் இருக்கு. கடைசியா இருக்கறது மட்டும் அந்த வாரத்துக்கு ஒரு குடும்பத்துக்குப் போயிடுச்சு."

"அப்ப பக்கத்துல ஆளு இருப்பாங்க."

"தொந்தரவே இருக்காது சார். இப்ப நடக்கறதும் அதே வாரந்தானே, மொதல்ல ரெண்டு நாள் தங்கிப் பாருங்க. பிடிச்சா கையெழுத்துப் போடலாம்."

வில்லா அழகாகத்தான் இருந்தது. வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், கடலைப் பார்த்த கண்ணாடிக் கதவு. பக்கத்து வில்லாவும் அச்சு அசலாக இதேபோல், நடுவில் ஒரே சுவர். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலம் என்பதால் நிலக்கரி லாரிகள் போகிற சாலையிலிருந்து மெல்லிய கரித்தூள் பறந்து வந்து எங்கும் படிந்தது. துடைத்த இடத்தை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள் வேலைக்கு வந்த வினிதா. கருக்களாச்சேரிப் பெண். நௌஷின் அந்தத் தூளில் விரலால் பூ வரைந்தாள். முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதை நாக்கால் தள்ளித் தள்ளி வாப்பாவிடம் காட்டினாள். சஃபியுல்லாவுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. மகளுக்குப் பல் ஆடுவதை அவன் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அந்தி சாய்ந்து மஃரிப் தொழுகை நேரம். யாரோ கதவைத் தட்டினார்கள்.

திறந்தால் ஆள் இல்லை. வாசற்படியில் மூடி போட்ட பீங்கான் கிண்ணம் இருந்தது. பக்கத்து வில்லாவில் விளக்கு எரிந்தது.

"பக்கத்து வீட்டுக்காரங்க வச்சிட்டுப் போயிருக்காங்க" என்றாள் அர்ஷியா. அவளுக்குச் சந்தோஷம். "பரவாயில்லையே, பழகுற ஆளுங்கதான்."

சேமியா பாயசம். ஆவி பறந்தது. சஃபியுல்லா ஒரு வாய் வைத்தான். இனிப்பே இல்லை. சர்க்கரை போட மறந்த மாதிரியும் இல்லை, சர்க்கரை என்ற ஒன்றையே மறந்துபோனவர்கள் செய்த மாதிரி இருந்தது. மேலே நாக்கைச் சுட்ட பாயசம் அடியில் ஐஸாகக் குளிர்ந்திருந்தது. அவன் வைத்துவிட்டான். நௌஷின் மட்டும் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள்.

அர்ஷியா கிண்ணத்தைக் கழுவி, சார்ஜா பேரீச்சம்பழத்தை அதில் நிரப்பினாள்.

"நாளைக்கிக் குடுத்தாப் போச்சு" என்றான் அவன்.

"சும்மா இருங்க. வெறும் பாத்திரமாத் திருப்பிக் குடுக்கக் கூடாது. ஒண்ணுமில்லாட்டி ஒரு புடி சீனியாச்சும் போட்டுத்தான் குடுக்கணும். எங்க உம்மா அப்படித்தான் வளத்தாங்க."

மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். பக்கத்துக் கதவு திறக்கவில்லை. உள்ளே தட்டு வைக்கிற சத்தம் மட்டும் கேட்டதாம். படியில் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை கிண்ணம் திரும்ப வந்திருந்தது. காய்ச்சிய பால். அர்ஷியா அல்வாத் துண்டுகள் போட்டு அனுப்பினாள். மத்தியானம் வெறும் சோறு வந்தது. பிஸ்கட் போட்டு அனுப்பினாள். மறுபடியும் கிண்ணம் வந்தபோது அவளுக்கே அலுப்புத் தட்டியது.

"இப்படி மாத்தி மாத்தி அனுப்பிக்கிட்டே இருந்தா நான் என்னத்தத்தான் போடுறது?"

சாயங்காலம் பெருக்க வந்த வினிதா மேசைமேல் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். விளக்குமாறு கையோடு நின்றுவிட்டது.

"இது ஏதுக்கா?"

"பக்கத்து வீட்டுது."

"பக்கத்துல யாரும் இல்லீங்களேக்கா. இந்த வாரம் அவங்க வாரம். புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேரு. வாங்கின வருஷம் மொதல் தடவையா வரும்போதே வழியில வண்டி அடிபட்டு... அதுக்கப்புறம் அந்த வீட்ட யாரும் தொறக்கறதில்ல." குரல் இறங்கியது. "நீங்க எதாச்சும் போட்டா குடுத்தீங்க?"

"வெறுமையா எப்படிக் குடுக்கறது?"

வினிதா மேசையை விட்டு ஓர் அடி விலகினாள். "மத்த வில்லா வாசல்லயும் இந்தக் கிண்ணம் வந்திருக்கு. பெரும்பாலும் யாரும் தொடமாட்டாங்க. தொட்டாலும் காலியா வச்சிருவாங்க. அப்படி வச்சா விட்டுருவாங்க."

"போட்டுக் குடுத்தா?" என்றான் சஃபியுல்லா.

அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, பாதி பெருக்கியதை அப்படியே விட்டுக் கிளம்பிப் போய்விட்டாள்.

சஃபியுல்லா எழுந்தான். இந்த வாரமும் வேண்டாம், இந்த வில்லாவும் வேண்டாம் என்று பெட்டியை இழுத்தான். அர்ஷியா துணிகளை மடித்தாள். கிண்ணத்தைக் கழுவாமல், எதுவும் போடாமல், வெளிப்படியில் கொண்டுபோய் வைத்தான்.

கதவைச் சாத்தித் திரும்பியதும் தட்டினார்கள்.

அதே படி. அதே கிண்ணம். கழுவித் துடைத்திருந்தது. மூடியைத் தூக்கினான்.

உள்ளே ஒன்றும் இல்லை.

"இனிமே போடுறது நம்ம முறை" என்றாள் அர்ஷியா, மெல்ல. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் நௌஷின் நின்றிருந்தாள்.

பெட்டிகளைக் காரில் ஏற்ற இருவரும் இரண்டு முறைதான் போய் வந்திருப்பார்கள். கடல்மேல் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"நௌஷின்?"

படியில் கிண்ணம் இல்லை.

பக்கத்து வில்லாவுக்குள்ளிருந்து மகளின் குரல் கேட்டது. அந்நியர் வீட்டில் பேசுகிற அடக்கமான குரல். "எங்க வீட்டுல ஒண்ணும் இல்ல. அதான் என் பல்லப் போட்டுக் கொண்டாந்தேன்."

அதுவரை கண்ணில் படாத பூட்டு ஒன்று கதவில் தொங்கியது. சஃபியுல்லா கல்லால் அடித்தான். பூட்டு விட்டுக்கொடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உள்ளே இருட்டு. பூட்டிய வீட்டு நாற்றம், அதோடு சேமியா வெந்த மணம். செல்போன் விளக்கை அடித்தான்.

தரை முழுவதும் கரித்தூள், மெத்தை போலப் படிந்திருந்தது.

அதில் சின்னப் பாதங்கள் இரண்டு நடந்து போயிருந்தன. வாசலிலிருந்து சாப்பாட்டு மேசை வரை.

திரும்பி வந்த தடம் இல்லை.

மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள். இரண்டு நாற்காலிகளில் உட்காரும் இடம் மட்டும் தூசியில்லாமல் பளபளத்தது. மூன்றாவதும் பளபளத்தது. அதைத் தொட்டுப் பார்த்தான். இன்னும் சூடு இருந்தது.

அவன் போட்ட கூச்சலில் காவலாளி வந்தான், ஊர் வந்தது, போலீஸ் வந்தது. வந்தவர்களின் செருப்புக்காலில் அந்தத் தடமெல்லாம் அழிந்துபோனது. கடலில் இறங்கியிருப்பாள் என்றார்கள். படகுகள் தேடின. என்ன இருந்து என்ன, பிள்ளை கிடைக்கவில்லை. சஃபியுல்லா சார்ஜாவுக்குப் போகவில்லை. மகள் இருக்கும் இடத்தை விட்டு எங்கே போவான்?

அடுத்த வருஷம் ஜூலை நெருங்கியதும் அஷ்வினிடம் போய், அதே வாரம் வேண்டும் என்றான்.

"சார், வேற வாரம், வேற ஊரு, எது வேணும்னாலும் நான் பேசி வாங்கித் தர்றேன். இது மட்டும் வேணாம் சார்." அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"இந்த வாரந்தான் எங்க வாரம்" என்றாள் அர்ஷியா.

அந்த வாரம் வந்து தங்கிய முதல் மாலையே கதவு தட்டப்பட்டது. பாயசத்தை அர்ஷியா கடைசிவரை குடித்தாள். அந்தக் குளிர்ந்த அடியில் ஒரு பால்பல் கிடந்தது. அன்று விழாமல் இருந்த இன்னொரு முன்பல். அவள் அதைக் கன்னத்தில் வைத்து அழுத்தி, அழுதுகொண்டே சிரித்தாள். "வளர்றா. பாருங்க, நம்ம புள்ள வளர்றா." சஃபியுல்லாவுக்கு அழுகைகூட வரவில்லை. கிண்ணத்தில் நௌஷினுக்குப் பிடித்த மிட்டாய்களைப் போட்டு அவள் கொண்டுபோய் வைத்தாள். வாரம் முழுவதும் கிண்ணம் வந்தது, போனது. வாரம் முடிந்ததும் நின்றுவிட்டது. பிறகு எத்தனை தட்டினாலும் அந்த வீடு வெறும் வீடாகத்தான் இருந்தது.

அதற்கடுத்த வருஷம் கிண்ணம் காலியாக வந்தது.

அவன் தொழுதுகொண்டிருந்தான். பின்னால் அர்ஷியாவும் நின்று தொழுதாள், அவள் உடை உரசும் ஓசை கேட்டது. தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்து முகத்தைத் திருப்பியபோது பின்விரிப்பில் யாரும் இல்லை, கிண்ணத்தையும் காணோம். விரிப்பு ஓரத்தில் வளையல்கள் மட்டும் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. பக்கத்து வில்லாவின் பூட்டு பூட்டியபடியே இருந்தது.

மனம் பேதலித்துக் கடலில் போய்விட்டாள் என்று ஊர் பேசியது.

இந்த ஜூலையில் சஃபியுல்லா தனியாக வந்தான். எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து காத்திருந்தான். சார்ஜாவில் இருக்கும்போது ஜூலைக்காகக் காத்திருந்ததும் இப்படித்தான். அப்போது கிடைத்த ஒரு மாதம் இப்போது ஒரு வாரமாகச் சுருங்கிவிட்டது, அவ்வளவுதான்.

தட்டினார்கள்.

மூடியைத் திறந்ததுமே ஏலக்காய் மணம் வந்தது. மேலே நெய்யில் பொரித்த தேங்காய்ச் சில்லுகள். முந்திரி பிடிக்காத மகளுக்காக அர்ஷியா எப்போதும் அப்படித்தான் போடுவாள். ஒரு வாய் வைத்தான். இனித்தது. அவளுடைய கைப்பக்குவமேதான். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. அழுதுகொண்டே அடிவரை சாப்பிட்டான். அடி குளிர்ந்துதான் இருந்தது.

கிண்ணத்தைக் கழுவி, வெறுமையாகவே எடுத்துக்கொண்டு போனான். கதவில் கை வைத்தான்.

"அர்ஷியா, நானும் வர்றேன். கதவத் தொற."

உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பேச்சு நின்றது.

"வாப்பா" என்றது ஒரு குரல், மிக மெல்ல. அதை யாரோ உஷ் என்று அடக்கினார்கள்.

கண்ணாடியில் முகத்தை அழுத்திப் பார்த்தான். கரித்தூள் மூடிய அறை. நடுவில் மேசை. நான்கு நாற்காலிகள், நான்கிலும் உட்காரும் இடம் பளபளவென்று தேய்ந்திருந்தது. அவனுக்கு அங்கே இடமில்லை. வெகு நேரம் படியில் உட்கார்ந்திருந்தான். யாரும் கதவைத் திறக்கவில்லை. கடைசியில் எழுந்து, சட்டைப்பையில் இருந்த பேரீச்சம்பழங்களைக் கிண்ணத்தில் போட்டுப் படியில் வைத்துவிட்டுத் தன் வில்லாவுக்குத் திரும்பினான். அடித்துப்போட்ட மாதிரி தூங்கினான்.

காலையில் கண்ணாடிக் கதவு லேசாகத் திறந்திருந்தது. அந்த வழியாக வந்த கரித்தூள் வெள்ளைத் தரையில் மெல்லப் படிந்திருந்தது. மேசையருகிலிருந்து வாசல் வழியாகப் பக்கத்து வில்லாவை நோக்கி எதையோ இழுத்துப்போன நீண்ட கோடுகள் அதில் தெரிந்தன.

நேற்று மாலை அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காணோம்.