வளரும் பிள்ளைக்கு விட்ட துணி

போர் நினைவிடமாகிவிட்ட அந்தச் சுரங்கத்தில், செத்தவர்களின் சட்டைகளைக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் ஒன்று மட்டும் நனைந்திருந்தது.

"மழைக்காடு ஐயா. இங்க நம்ம எலும்பே காயாது," என்றார் காவலாளி. "சீக்கிரம் பாருங்க. மழை வலுத்தா வேன் சேத்துல மாட்டிக்கும்." சொல்லிவிட்டு மேலேறிப் போனார்.

தையற்காரர் தலையாட்டினார். போர் நடந்த காட்டுக்கு வந்தும் அவருடைய சண்டை என்னவோ முழங்காலோடுதான். வழுக்கும் மண்படிகளில் பாதியை உட்கார்ந்தபடியே இறங்கியிருந்தார். மகன் பார்த்திருந்தால் சிரித்திருப்பான். இந்தப் போரில் காணாமல்போய், உடல்கூடக் கிடைக்காத மகன்.

"இருக்கானா, போயிட்டானான்னு மட்டும் தெரிஞ்சுக்கிட்டு வாங்க. எதுவானாலும் நான் படுத்துத் தூங்கிடுவேன்," என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஈரமண் வாடையும் அழுகிய வேர்களின் புளிப்பும் கலந்த இருட்டில், எங்கோ ஒழுகும் நீரின் சொட்டுச் சத்தத்தைக் கேட்டபடி, ஒற்றை பல்பின் மஞ்சள் வெளிச்சம் எட்டுகிற மட்டும் நடந்துபோய், யாரும் தொடக்கூடாத அந்தச் சட்டையைத் தொட்டார். வெதுவெதுவென்றிருந்தது.

வியர்வை.

காலர் அவர் தைத்தது. சொந்த முகத்தை மறந்தாலும் சொந்தத் தையலை மறக்கிற ஆளில்லை. மகனுக்கு எதைத் தைத்தாலும் கையிலும் அடியிலும் நாலு விரல் துணியை உள்ளே மடித்துவிடுவார். வளர்ற பிள்ளை என்பார்.

"கல்யாணத்துக்கும் இப்படித்தான் தைப்பீங்களா? பொண்ணு வீட்டுல சிரிப்பாங்கப்பா," என்பான் அவன்.

மடிப்போடுதான் போருக்கும் போனான்.

இப்போது மடிப்பு இல்லை. தையலைப் பல்லால் கடித்துப் பிரித்த தடம். அடியிலும் கையிலும், இருந்த துணியெல்லாம் கடைசி இழைவரை இறக்கிவிடப்பட்டிருந்தது.

சொட்டுச் சத்தம் நின்றது.

"பத்தலப்பா."

அவன் குரல்தான். சட்டைகளுக்குப் பின்னாலிருந்து. ஆனால் கூரையை ஒட்டி, மேலேயிருந்து.

ஓடலாம். முழங்கால்கூடச் சம்மதித்தது. மனசுதான் மறுத்தது.

"கையை நீட்டு கண்ணு," என்றார், கடையில் சொல்லும் அதே குரலில்.

ஈரச் சட்டையின் கைக்குள் ஏதோ நுழைந்தது. நிறைந்தது. வெளியே வந்தது.

பையிலிருந்த அளவு நாடாவை எடுத்து அந்தச் சட்டையின் தோளில் வைத்தார். காய்ச்சல் சூடு. முழங்கை. இன்னும் கீழே. இன்னொரு முழங்கை. இன்னும்.

நாடா முடிந்தது.

கை முடியவில்லை. சுவரை ஒட்டி வளைந்து இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது. அதன் நுனி விரல்கள் எங்கெங்கோ சுற்றிவந்து, பின்னாலிருந்து, அவர் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டன. சந்தைக்கூட்டத்தில் சின்னப் பிள்ளை பிடித்துக்கொள்வதுபோல, இறுக்கமாக.