மூன்று சென்டிமீட்டர்

எடைமேடைக் கூண்டு மூன்று சென்டிமீட்டர் பின்னால் போயிருந்தது.

மணிவேல் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இரும்பு அளவுகோலை வைத்து அளந்தார். தண்டவாளத்தின் ஓரத்திலிருந்து கூண்டின் சுவர்வரை நேற்று மாலை சரியாக இரண்டு சென்டிமீட்டர், இப்போது ஐந்து. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய அந்தக் கூண்டை அவர்தான் அட்டையில் வெட்டிச் செய்திருந்தார். ஒட்டிக் காய்ந்த பொருளைப் பிடுங்கினால் அடியில் தழும்பு நிற்கும். பசை வெள்ளையாகப் பிளந்திருக்கும், சுற்றியுள்ள ஜல்லி பெயர்ந்து வரும். பழைய இடத்தில் தழும்பே இல்லை. டீ வடிகட்டியில் சலித்து, தூரிகையால் பரப்பி, பசைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு அவர் பதித்த ஜல்லி, அங்கே கூண்டு என்று ஒன்று ஒருநாளும் இருந்ததில்லை என்பதுபோலச் சீராகக் கிடந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணி. மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒன்பது மணிக்கே மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள், இனி மாலை ஐந்துக்குத்தான் வரும். சிமெண்டுத் தூசிக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்திவைத்திருந்த மாடியறையில் மின்விசிறி ஓடாததால், அரியலூரின் வெயில் ஓட்டுக்கு மேலே ஏறுவதைக்கூடக் காதால் கேட்கலாம்போல இருந்தது.

பன்னிரண்டு வருடமாக அவருக்கு இந்தப் பித்து. நிஜத்தை எண்பத்தேழாகப் பிரித்து அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால் ஒரு ரயில் மேசைமேல் அடங்கிவிடும். பதினைந்து மீட்டர் வேகன் ஒரு சாண் நீளத்துக்கும் குறைவாகச் சுருங்கும், ஆள் சுண்டுவிரலின் நுனிக்கணு உயரம்தான் இருப்பான். அளவு மட்டும் தப்பக்கூடாது. அளவு சரியாக இருந்தால் பார்ப்பவர்கள் மற்ற எல்லாவற்றையும் நம்பிவிடுவார்கள் என்பதுதான் இந்த வேலையில் அவர் கற்றுக்கொண்டது. அதனால்தான் வக்கீல் ரஞ்சித்குமார் இந்த யோசனையைச் சொன்னதும் அவருக்குப் பிடித்துப்போயிற்று.

திங்கட்கிழமை விசாரணை. நாலு வருடத்துக்கு முன் சிமெண்டு ஆலையின் சொந்த ரயில்பாதையில் வேகன்களை இணைக்கும்போது அறிவுச்செல்வன் என்ற ஒப்பந்தத் தொழிலாளி நசுங்கிச் செத்தான். சைகை காட்டாமல் அவனாகவே இடையில் போனான் என்று ஆலையின் விசாரணையில் முடிவாயிற்று. அவன் மனைவி பூவிழி அதை ஏற்கவில்லை. அன்று எஞ்சினை ஓட்டியவர் மணிவேல். வேகன்களை எடைபோடும் பழைய எடைமேடைக் கூண்டு மறைத்ததால் ஓட்டுநருக்கு ஆள் நின்ற இடம் தெரிய வழியில்லை என்பதைத் திங்கட்கிழமை அவர் செய்த இந்தச் சிறிய மாதிரிவடிவம் காட்ட வேண்டும். கூண்டை இடித்து இரண்டு வருடமாகிறது, இனி யாரும் போய் அளக்க முடியாது.

மூன்று சென்டிமீட்டரை எண்பத்தேழால் பெருக்கினால் இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவுதான் பொய். அந்தப் பொய்யைத்தான் யாரோ திருத்தி, கூண்டை அது நிஜத்தில் நின்ற இடத்திலேயே வைத்திருந்தார்கள்.

"அனுசுயா!" மாடிப்படி உச்சியில் நின்று கூப்பிட்டார். "மேல வந்து எதையாச்சும் தொட்டியா?"

"நான் ஏன் அதைத் தொடப்போறேன்? கல்யாணப் பொண்ணுக்கு அலங்காரம் பண்றாப்ல ராவும் பகலும் அதுக்குப் பண்ணிக்கிட்டுக் கெடக்குறீங்க. மொதல்ல என் வடிகட்டியைக் கொண்டாங்க. இது மூணாவது. இனிமே டீயில கல்லு கெடந்தா நீங்களே கடிச்சுக்குங்க."

அவர் சிரிக்கவில்லை. கூண்டைக் கத்தியால் சுரண்டி எடுத்தார். அதன் அடியில் பசை முழுதாக, பல நாள் காய்ந்த கடினத்தோடு இருந்தது. திரும்ப இரண்டு சென்டிமீட்டரில் வைத்து, உடனே பிடிக்கும் பசையை நாலு மூலையிலும் விட்டு, நூறு எண்ணும்வரை விரலால் அழுத்திக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ரஞ்சித்குமார் போனில் வந்தார். "சார், ரெடியாயிடுச்சா? அந்தப் பொம்பளை எல்லா வாய்தாவுக்கும் வந்து முன்னாடி உக்காந்துக்குது. பொம்மையைப் பார்த்துட்டு அதுவே அமைதியாயிடும் பாருங்க. நீங்க ஒண்ணே ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. அடிபட்ட ஒடனே போயிட்டான். அதுல மாத்திப் பேசிடாதீங்க."

"மாத்திப் பேச என்ன இருக்கு? ஒடனே போயிட்டான்."

போன வாய்தா முடிந்து கோர்ட்டுக்கு வெளியே டீக்கடையில் பூவிழி அவர் அருகில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தார். "அண்ணே, அவரு கடைசியா எதாச்சும் சொன்னாரா?" என்று மட்டும் கேட்டாள். அவளிடமும் இதையேதான் சொன்னார். ஒண்ணும் சொல்லலம்மா, ஒடனே போயிட்டான்.

உண்மையில் அன்று எதுவும் பார்வையை மறைக்கவில்லை. எஞ்சினோடு மூன்று வேகன். அதைப் பின்னால் தள்ளி, நிற்கிற வேகன் வரிசையோடு சேர்க்க வேண்டும். இரண்டு வேகன்களின் முனையிலும் இருக்கும் இரும்புக் கொக்கிகள், இரு கைகள் விரலை மடக்கிக் கோத்துக்கொள்வதுபோல, மோதியதும் தாமாகக் கோத்துக்கொள்ளும். மோதும் முன் கொக்கி திறந்திருக்கிறதா என்று ஒரு ஆள் 'நில்' என்று உள்ளங்கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்ப் பார்த்து, வெளியே வந்து 'வா' என்று கையசைக்க வேண்டும். அந்தக் கை தெரியும்வரை ஓட்டுநர் அசையக்கூடாது. மணிவேலின் ஒரு காதில் போன் இருந்தது. நிற்கச் சொன்ன கையைப் பார்க்கவில்லை. எஞ்சினை நகர்த்திவிட்டார். அதற்குப் பிந்தைய நாலு நிமிடத்தை அவர் நினைப்பதில்லை. நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தார்.

பன்னிரண்டரைக்குக் கழுவிய கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு திரும்ப மேலே வந்தார். கதவைத் திறந்ததும் வாடைதான் முதலில் வந்தது. பெயிண்ட், பசை, மரத்தூள் என்று அந்த அறையில் எப்போதும் இருக்கும் வாடைகளுக்கு அடியில், சூடேறிய இரும்பும் கிரீசும், அதற்கும் அடியில் மெலிதாகக் கிராம்பும். சமையலறையிலிருந்து வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கடைவாய்ப்பல் வலிக்கு எந்நேரமும் கிராம்பை ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தவன் அறிவு. பேசினால் வாசம் வரும்.

கூண்டு ஐந்து சென்டிமீட்டரில் நின்றது.

அவர் அளக்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது. அதோடு, வேகன்களுக்கு நடுவே அவர் நிறுத்திவைத்திருந்த மஞ்சள் சட்டைப் பொம்மை வெளியே வந்திருந்தது. கடையில் வாங்கிய பொம்மை அது. இரண்டு கையும் தொடையோடு ஒட்டி வார்த்தது. இப்போது வலது கை தோளுக்கு மேலே உயர்ந்து, உள்ளங்கை எஞ்சினைப் பார்த்திருந்தது. நில்.

உருப்பெருக்கியை எடுத்துத் தோளைப் பார்த்தார். வெட்டிய கோடில்லை, ஒட்டிய பசையில்லை. கை அப்படியே வார்க்கப்பட்டதுபோல இருந்தது. உள்ளங்கையில் ரேகை இருந்தது. அந்த அளவில் ரேகை வார்க்க உலகத்தில் எந்த அச்சும் கிடையாது.

மாதிரி செய்பவர்கள் எல்லோரும் செய்வதை அவரும் பழக்கத்தில் செய்தார். கன்னத்தைப் பலகையில் வைத்து, ஒரு கண்ணை மூடி, எஞ்சின் அறையின் ஜன்னல் வழியாக ஓட்டுநர் பார்க்கும் உயரத்தில் பார்த்தார். மஞ்சள் சட்டை தெளிவாகத் தெரிந்தது. முழு ஆளும் தெரிந்தான். முகம்கூட.

ஜன்னலுக்குள் ஏதோ அசைந்து அவர் பார்வையை மறைத்தது.

அவர் பின்வாங்கிச் சுவரில் மோதினார். எஞ்சின் அறையை அவர் காலியாகத்தான் விட்டிருந்தார். இப்போது இருக்கையில் யாரோ இருந்தார்கள். மிகச் சிறியதாக. முதுகு தெரிந்தது.

போதும். மாதிரி வேண்டாம். ரஞ்சித்குமாரிடம் உடைந்துபோயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம். மாடிப்படியில் இறக்குவதற்காகவே இரண்டு துண்டாகச் செய்த மேசை அது. இரும்புச் சட்டத்தில் இடுப்புயரம், ஒவ்வொன்றுக்கும் நாலு சக்கரம், சக்கரத்துக்குக் காலால் மிதிக்கும் பூட்டு. நடு போல்ட்டுகளைக் கழற்றினார். இரண்டு பாதியையும் ஒரு முழம் விலக்கினார். எட்டுப் பூட்டையும் மிதித்தார். இடையில் நின்று, கீழே தொங்கிய மின்கம்பிகளைப் பிரிக்கக் கையை நீட்டினார். இடது மேசையின் விளிம்பில் நிற்கும் வேகன்களின் கடைசிக் கொக்கி. வலது மேசையின் விளிம்பில் எஞ்சின் தள்ளும் மூன்றாவது வேகனின் கொக்கி. நடுவில் அவர்.

அதைக் கவனித்தபோது தாமதமாகிவிட்டது.

சக்கரச் சத்தம். மெல்லிய உலோகச் சத்தம். தண்டவாளத்தில் மின்சாரம் இருந்தால்தான் எஞ்சினின் சக்கரம் அதை எடுத்துக்கொண்டு சுற்றும். மின்சாரம் இல்லை. ஊருக்கே இல்லை. எஞ்சின் நகர்ந்தது. பூட்டிய சக்கரங்கள் தரையில் தேய, மேசையும் அதோடு வந்தது. முந்நூறு கிராம் எஞ்சின் அது. நூறு டன்னின் நிதானத்தோடு வந்தது.

இடுப்பில் தொட்டது. நிற்கவில்லை.

எலும்புச் சத்தத்தை அவர் கேட்டார். வலி வரவில்லை. இடுப்புக்குக் கீழே எதுவுமே இல்லை. இரண்டு இரும்புச் சட்டத்துக்கு இடையில் இரண்டு விரற்கடை இருந்தது. அதில் அவர் இருந்தார். மூச்சு வந்தது. யோசிக்க முடிந்தது.

"ஏங்க, சோறு ஆறுது. எவ்ளோ நேரமா…" அனுசுயா வாசலில் நின்றாள். பிறகு அலறினாள். பாய்ந்து வந்து வலது மேசையின் விளிம்பை இரு கையாலும் பிடித்தாள்.

"இழுக்காத!"

"என்னங்க ஆச்சு, ஐயோ, மாட்டிக்கிட்டீங்களே, இருங்க, இருங்க…"

"இழுக்காத அனு! இழுத்தா செத்துருவேன். இது அழுத்திக்கிட்டு இருக்குற வரைக்குந்தான் உசுரு. விட்டா ரத்தம் கொட்டி ஒரே நிமிசத்துல போயிரும். அப்படியே விட்டுட்டு நூத்தியெட்டுக்குப் போடு."

அவள் கை அப்படியே நின்றது. அழுகையும் நின்றது.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

அவர் கண் அவள் விரல்களுக்குப் போனது.

"அந்தப் பையன் ஒடனே செத்துட்டான்னுதான சொன்னீங்க? நாலு வருசமா என்கிட்டயும் அதான சொன்னீங்க?"

கிராம்பு வாசம் அவர் முகத்துக்கு மிக அருகில் இருந்தது. அவள் விரல்கள் மேசையைவிட்டு விலகவில்லை. விலக வேண்டுமானால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"எறங்கிப் போய்ப் பார்த்தேன்," என்றார். "உசுரோட இருந்தான். நல்லா பேசுனான். அண்ணே, எஞ்சினை எடுக்காதீங்கண்ணேன்னான். உங்க போனைக் குடுங்க, பூவிழிகிட்ட ஒரு வார்த்தை பேசிக்கிறேன்னான். போன் என் கையிலதான் இருந்துச்சு."

"குடுத்தீங்களா?"

"நான் கையைத்தானண்ணே காட்டுனேன், நீங்க பார்க்கலையான்னும் கேட்டான். ஆளுங்க வந்தா அவங்ககிட்டயும் அதைச் சொல்லுவான். பக்கத்துல யாருமில்ல." அவருக்கு மூச்சு குறைந்தது. "திரும்பிப் போய் எஞ்சின்ல ஏறுனேன். எடுத்துட்டேன்."

அனுசுயா அவரையே பார்த்தாள். முப்பது வருடம் ஒரே தட்டில் சாப்பிட்ட ஆளை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு மேசையிலிருந்து கையை எடுத்து, புடவையில் துடைத்துக்கொண்டாள். இரண்டு உள்ளங்கையையும். பின்னோக்கியே நடந்து கதவுக்குப் போனாள்.

"போன் கீழ கெடக்கு," என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "போட்டுட்டு வரேன். அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே இதைச் சொல்லணும். சொல்ற வரைக்கும் உசுரோட இருங்க."

படியில் அவள் காலடி இறங்கியது. கீழே அவள் முகவரி சொல்வது கேட்டது. "மாடிங்க… படி குறுகலுங்க… சீக்கிரம் வாங்க…"

சொல்லிவிடுவேன் என்றார் மணிவேல், காலி அறையைப் பார்த்து. எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். திங்கட்கிழமை, எல்லோருக்கும் முன்னால்.

எஞ்சின் அறையின் ஜன்னலில் முதுகு திரும்பியது. சுண்டுவிரல் நுனியளவு மனிதன் வெளியே சாய்ந்து, மூன்று வேகன் தாண்டி, அவரைப் பார்த்தான். மஞ்சள் சட்டை. தாடை ஒருபக்கமாக மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

"அறிவு," என்றார். "தம்பி. எடுக்காதீங்க. கொஞ்சம் பொறுங்க தம்பி. எடுக்காதீங்க."

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பொறுமையாக, கடைசிச் சொல்வரை. பிறகு உள்ளே போய் உட்கார்ந்தான்.

மூன்று கொக்கிகளும் ஒவ்வொன்றாக இறுகும் சத்தம். டக். டக். டக்.

பூட்டிய சக்கரங்கள் தரையில் தேய்ந்தன. இரும்புச் சட்டம் இடுப்பைவிட்டு ஒரு நூலளவு விலகியது. சட்டைக்குள் சூடாக ஏதோ இறங்கியது. இன்னொரு நூல். மேசை விளிம்பில் வரிசையாக அவர் பதித்த சாம்பல் நிற ஜல்லி, ஒவ்வொரு கல்லாக, பொறுமையாக, சிவந்துகொண்டே எஞ்சினை நோக்கிப் போயிற்று.