இடப்பக்கத்து பிரேக்

புளியந்தோப்பில் ரஷீதின் பட்டறைக்கு லூயிஸ் வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. தெருவில் ஆடறுக்கும் தொட்டியிலிருந்து வந்த ரத்த வாடை. உள்ளே கிரீஸ் வாடை. கார் தயாராக நின்றது.

ஐம்பத்தொன்றாம் வருஷத்து ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. ஊரைவிட்டுப் போன கப்பல் அதிகாரி ஒருவர் அதே கம்பெனியின் அறுபத்துமூன்றாம் வருஷத்து மாடலைக் கழித்துக் கட்டியிருந்தார். அதன் டிஸ்க் பிரேக்கைக் கழற்றி ரஷீது இதில் மாட்டியிருந்தான்.

“பழைய ஒடம்புக்குப் புது காலு வெச்சிகீறேன் நைனா. தொட்டா நிக்கும்.”

லூயிஸ் தலையாட்டினான்.

போன மழைக்காலத்தில், எண்ணூர் சாலையில், தொழிற்சாலைத் தண்டவாளம் கேட் இல்லாமல் குறுக்கே போகும் இடத்தில் கூட்ஸ் வண்டி வந்தது. அவன் இதே காரின் பெடலை முழுக்க மிதித்தான். கார் நிற்கவில்லை. அடிபட்டது இடப்பக்கம். அவன் மனைவி பிலோமியின் பக்கம்.

காரில் ஏறியதும் அவள் செருப்பைக் கழற்றிவிடுவாள். பயம் வந்தால் வெறுங்காலால் தரையை அழுத்துவாள்.

“உன் பக்கம் பிரேக் இல்லடி.”

“நீங்க மிதிக்கிற வரைக்கும் நான் சும்மா ஒக்காந்துகினு இருக்கணுமா?”

அவனுக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. இந்த பிரேக் அன்று இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா?

தனியாக ஓட்டிப் போனான். அதே சாலை. அதே வேகம். உப்புக் காற்றில் ஆலைப் புகை கலந்திருந்தது. அன்று மிதித்த இடத்தில் சாய்ந்த விளக்குக் கம்பம் ஒன்று உண்டு. அது நெருங்கியது. காலைத் தூக்கினான்.

இன்னும் மிதிக்கவில்லை.

அதற்குள் பெடல் தானாகக் கீழே போனது.

டயர்கள் அலறின. கார் நின்றது. தண்டவாளம் இன்னும் தள்ளியே கிடந்தது.

பிழைத்திருப்பாள்.

அழுகை வரவில்லை. களைப்பாக இருந்தது. பக்கத்து இருக்கையிலிருந்து ஈரக் கூந்தலின் சீயக்காய் மணம் வந்தது. பெடல் மெல்ல மேலே எழும்பியது.

பட்டறையில் ரஷீது கேட்டான். “நின்னுச்சா நைனா?”

“நின்னுது.”

“அப்பறம் இன்னாத்துக்கு மூஞ்சி இப்டி கீது?”

லூயிஸ் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பட்டறைக் கோடியில் இருந்த குழாயடிக்குப் போய் முகம் கழுவினான்.

ரஷீது காருக்குப் பின்னால் குந்தி, சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிராமலே குரல் கொடுத்தான்.

“கால எடு நைனா. பிரேக் லைட்டு எரிஞ்சிகினே கீது.”

லூயிஸ் திரும்பிப் பார்த்தான். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

சிவப்பு வெளிச்சம் ரஷீதின் கைமேல் விழுந்திருந்தது. காரில் யாரும் இல்லை. இடப்பக்கத்து ரப்பர் விரிப்பு மட்டும் ஒரு குதிகால் அளவுக்குக் குழிந்திருந்தது.

லூயிஸ் காரருகே போய்க் குனிந்தான்.

“நின்னுடுச்சு பிலோமி,” என்றான் மெதுவாக. “போதும். விட்டுடு.”

விளக்கு அணையவில்லை.