முப்பது அடிக்குள்

வேகவதிக் கரையிலிருந்து ஈர வேஷ்டியோடு ஸுதர்சன் வீட்டுக்குள் நுழைந்தபோது காலை மணி பத்தரை. அப்பா சடகோபன் போய் அன்றோடு ஒன்பதாம் நாள். வாசல் ஓரத்தில் தோண்டிய சின்னக் குழியில் ஒரு கல் ஊன்றியிருந்தது. போனவர் பத்து நாள் அந்தக் கல்லில்தான் இருப்பார் என்று காரியம் செய்துவைக்கும் வாத்தியார் சொல்லியிருந்தார். தினமும் அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, எள்ளும் தண்ணீரும் இறைத்து, பசியும் தாகமும் தீர்க்க வேண்டும்.

அன்றும் இறைத்தான். ஈர மண்ணும் எள்ளும் கலந்த வாசனை குப்பென்று எழுந்தது.

"நாளைக்குக் கல் எடுத்துடுவோம்," என்றார் வாத்தியார் கோதண்டபாணி, மூட்டையைக் கட்டிக்கொண்டே. "அப்புறம் அவருக்கு இந்த ஆத்து வாசல்ல இடம் கிடையாது. மனசுல ஏதாவது குறை இருந்தா இன்னிக்கே சொல்லிடும்."

"ஒண்ணும் இல்லை," என்றான் ஸுதர்சன். கூசாமல் சொல்லிவிட்டான்.

உள்ளே அம்மா நாமகிரி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒன்பது நாளாக அவள் கேட்பது ஒரே கேள்விதான்.

"ஏன்டா, அன்னிக்கு அப்பா போன்ல ஒண்ணுமே டைப் அடிக்கலையா?"

"வரலைம்மா. ஒண்ணும் வரலை."

"அப்போ தூக்கத்துலேயே போயிருக்கார்," என்றாள், தனக்குத்தானே. அந்த ஒரு நினைப்பில்தான் அவளுக்குச் சாதம் இறங்கிக்கொண்டிருந்தது.

வரவில்லை என்பது நிஜம்தான். ஏன் வரவில்லை என்பது ஸுதர்சனுக்கு மட்டும் தெரியும்.

சின்ன காஞ்சிபுரத்தில் சடகோபனின் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. கோயிலில் பாசுரம் சொல்லும் கோஷ்டியில் அவர் எடுத்துக் கொடுத்தால் சந்நிதித் தெருவின் கோடி வரை கேட்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் ஆபரேஷன் ஆகி, கழுத்தில் ஒரு குழாய் வைத்தார்கள். அதோடு குரல் போயிற்று. அப்போதுதான் ஸுதர்சன் சென்னையிலிருந்து அந்த கீபோர்டை வாங்கி வந்தான். புத்தகம் மாதிரி மடங்கும். ஒயர் கிடையாது. இரண்டு சின்ன பேட்டரி. ப்ளூடூத்தில் முப்பது அடிக்குள் போன் இருந்தால் போதும், மடியில் வைத்து அடிப்பதெல்லாம் போனில் எழுத்தாக விழும். முதல் தடவை இரண்டையும் சேர்த்து வைக்க, போன் நாலு நம்பர் காட்டும். அதே நம்பரை கீபோர்டில் அடித்து எண்டர் தட்ட வேண்டும். அப்புறம் ஒன்றை ஒன்று மறக்காது.

முதலில் சேர்த்தது ஸுதர்சனின் பழைய போனோடு. போன தீபாவளிக்கு அவன் புதுப் போன் வாங்கி, பழையதை அம்மாவிடம் கொடுத்தான். கீபோர்டைப் புதுசோடு சேர்த்துக்கொண்டான்.

அப்பா தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார். முதலில் 'இருக்கியா' என்று அடித்துவிட்டுக் காத்திருப்பார். கோஷ்டியில் எதிர்வரிசை சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து பழகிய மனுஷன். எந்த அறையிலிருந்தாலும் ஸுதர்சன் "இருக்கேம்பா" என்று குரல் கொடுத்த பிறகுதான் அடுத்ததை அடிப்பார். அதுதான் அந்த வீட்டு வழக்கம்.

அந்த மத்தியானம் அம்மா கோயிலுக்கு வரதரை ஸேவிக்கப் போயிருந்தாள். ஸுதர்சன் கூடத்தில் உட்கார்ந்து, போனிலேயே ஆபீஸுக்கு ஒரு மெயில் எழுதிக்கொண்டிருந்தான். நடுநடுவே அப்பாவின் எழுத்துகள் வந்து விழுந்தன. அழித்தான். மறுபடி விழுந்தன. கடைசியில் 'ஃபேன் சத்தம் போடறது' என்ற வரியோடு மெயில் மேனேஜருக்குப் போய்ச் சேர்ந்தது. ஸுதர்சனுக்குச் சுர்ரென்று ஏறியது. செட்டிங்ஸுக்குப் போய், கீபோர்டின் பேரை டெலீட் செய்தான். அரை மணி நேரம்தானே என்று நினைத்தான்.

குழாயில் சளி அடைத்துக்கொள்ள அரை மணி வேண்டாம். அம்மா திரும்பி வந்து பார்த்தபோது அப்பாவின் விரல்கள் எழுத்துகளின் மேலேயே இருந்தன.

அன்று மாலையே பேட்டரியைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டான். கீபோர்டை மடித்து அப்பா அறை அலமாரியில் வைத்து, அறைக் கதவைப் பூட்டினான்.

இதெல்லாம் மனசில் ஓட, ஈர வேஷ்டியை மாற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தான். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. போன் லேசாக அதிர்ந்தது.

'கீபோர்டு இணைய விரும்புகிறது. அனுமதிக்கவா?' என்று இங்கிலீஷில் கேட்டது.

'நோ' அழுத்தினான்.

மறுபடி கேட்டது.

நோ.

மறுபடி.

போன் மறந்தால் மட்டும் போதாது, கீபோர்டும் மறக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் பேட்டரி இல்லாத கீபோர்டு எதை நினைவு வைத்துக்கொள்ளும்? அக்கம்பக்கத்தில் வேறு யாராவது வைத்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். அந்தத் தெருவில் யார் வைத்திருக்கப் போகிறார்கள்! ஏழாவது தடவை கேட்டபோது, குறையை இன்றைக்கே சொல்லிவிடும்படி வாத்தியார் சொன்னது ஞாபகம் வந்தது. 'யெஸ்' அழுத்தினான்.

போன் நாலு நம்பர் காட்டியது. இனி யாராவது அதை அங்கே அடிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுத் தறி சாப்பாட்டுக்காக நின்றது.

பூட்டிய அறைக்குள் டிக் என்றது.

டிக். டிக். டிக்.

கொஞ்சம் பொறுத்து, எண்டர்.

'இணைந்தது' என்றது போன்.

ஸுதர்சன் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தான். டெட்டால் வாசனையும், அதற்கடியில் சளியின் வாடையும் மூக்கில் ஏறின. அலமாரியில் கீபோர்டு மடித்தபடியே, மேலே மெல்லிய தூசியோடு இருந்தது. யார் கையும் பட்டதாகத் தெரியவில்லை. கையிலிருந்த போனில் ஒவ்வோர் எழுத்தாக விழுந்தது.

இருக்கியா

அவ்வளவுதான். கர்சர் மினுக்கிக்கொண்டே நின்றது.

பதில் சொன்னால் மிச்சத்தையும் அடிப்பார். மிச்சம் என்ன என்று அவனுக்குத் தெரியும். பதினைந்து அடி தூரத்தில் பிள்ளை உட்கார்ந்திருக்க, மூச்சு முட்ட முட்ட அடித்த வார்த்தைகள். அதைப் படிக்க அவனுக்குத் தெம்பு இல்லை. அம்மா படித்தால் தாங்கமாட்டாள். 'இருக்கேம்பா' என்ற ஒரு சொல் தொண்டை வரை வந்தது. ஸுதர்சன் அதை விழுங்கிவிட்டுப் போனை அணைத்தான்.

மறுநாள் வாசல் கல்லையும், கரையில் ஊன்றிய இன்னொரு கல்லையும் எடுத்தார்கள். வேகவதியில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. "திரும்பிப் பார்க்காம பின்பக்கமாப் போடும்," என்றார் கோதண்டபாணி. கற்களைப் போட்டான். மடியில் செருகியிருந்த போனையும் சேர்த்தே போட்டான். கல்லும் போனும் விழுந்த சத்தம் ஒன்றாகக் கேட்டது. அவனுக்கு உடம்பே லேசாகிவிட்டது. கரையேறி வந்தவன் ஒன்பது நாளுக்கு அப்புறம் பசி என்றால் என்ன என்று அறிந்தான்.

பதிமூன்றாம் நாள், தீட்டுக் கழிந்து சுபமும் ஆயிற்று. உறவுக்காரர்கள் மத்தியான பஸ் பிடித்துப் போனார்கள். அப்பா அறையைக் கழுவி, ஜன்னலைத் திறந்து விட்டிருந்தார்கள். கீபோர்டை யாருக்காவது தானமாகக் கொடுத்துவிடலாம் என்று அம்மா சொல்லியிருந்தாள். சாயங்காலம் கொடுக்கலாம் என்று ஸுதர்சன் கூடத்தில் காலை நீட்டிப் படுத்தான்.

"ஸுதர்சா," என்று அம்மா கூப்பிட்டாள்.

அப்பா அறை வாசலில் நின்றிருந்தாள். கையில் அவனுடைய பழைய போன். அதை அவன் மறந்தே போயிருந்தான்.

கீபோர்டு மறக்கவில்லை.

"இதுல என்னமோ தானா வந்திருக்குடா," என்றாள், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. "இருக்கியான்னு போட்டிருக்கு. அப்பா உன்னைக் கேப்பாரே, அதே மாதிரி."

"அம்மா, அதை இங்கே குடு." எழுந்திருக்கப் பார்த்தான். உட்கார்ந்தபடியே கையை நீட்டினான். "பழைய மெசேஜ் அது. குடும்மா!"

அவள் கொடுக்கவில்லை. காலியாகக் கிடந்த கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் பயமே இல்லை. பல நாளாகக் காத்திருந்தவள் மாதிரிதான் இருந்தாள்.

"நான் இருக்கேன்," என்றாள் நாமகிரி, மெதுவாக. "சொல்லுங்கோ."

அலமாரிக்குள் விரல்கள் வேகமாக அடிக்கத் தொடங்கின.