மாத்திரையைப் பிடுங்கியவள்

"குழந்தைக்கு ரத்தமாப் போகுது... நீ மரம் மாதிரி நிக்கிற!"

காலை ரொட்டியைத் தட்டோடு சுவரில் வீசினான் யெப்பே. கட்டிலில் ஆறு வயது மகள் லிவ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். தன் பல்வலிக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை அவள் வாயருகே கொண்டுபோனான். அவன் மனைவி ரான்ஹில் அதைப் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் எறிந்தாள்.

"டாக்டர் போன்லயே வேணாம்னுட்டாங்க! சில கிருமிக்கு இதைக் குடுத்தா விஷத்தைக் கக்குமாம், கிட்னியே போயிடுமாம்! உடனே கூட்டிட்டு வரச் சொன்னாங்க!"

பளாரென்று ஓர் அறை. உதடு கிழிந்தது.

"வேகாத கறி உருண்டையைப் போட்டவ நீதானே!"

வாசலில் மாமனார் ஓலுஃப் நின்றார். தொழுவத்தில் கறந்த பாலைக் காய்ச்சாமலே அவர் பேத்திக்குக் கொடுத்ததை ரான்ஹில் பார்த்திருந்தாள். டாக்டரிடமும் சொல்லிவிட்டாள். ஆனால் வீட்டில்? மனைவியைப் புதைத்து ஒரு குளிர்காலம்கூட ஆகாத மனிதர்...

"ஆமா... என் சமையல்தான்" என்றாள்.

ஓஹூஸ் நகர ஆஸ்பத்திரியில் லிவ்வுக்குச் சிறுநீர் நின்றுபோனது. ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு குழந்தையைப் பிணைத்ததைக் கண்ட யெப்பே, மனைவியின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

"கொலகாரி!"

ஓலுஃபின் கைத்தடி மகனின் முதுகில் இறங்கியது. "விடுடா அவளை! பச்சைப் பாலைக் குடுத்தவன் நான்டா! என்னைக் காப்பாத்த அவ பழியைச் சுமந்தா... நான் ஊமையா நின்னேனே, பாவி!"

அங்கே ஓடிவந்த டாக்டரம்மா யெப்பேயைத் தள்ளி நிறுத்தினார். "அந்த மாத்திரையைக் குடுக்காம இவங்க தடுத்தது நல்லதாப் போச்சு. இல்லன்னா நிலைமை இன்னும் மோசமாகியிருக்கலாம்."



அடுத்த வாரம் லிவ்வுக்குச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் இறங்கியது. கதறி அழுத மாமனாரை ரான்ஹில் கட்டிக்கொண்டாள். "அழாதீங்க மாமா... பாசத்துலதானே குடுத்தீங்க..."

வீடு திரும்பும் நாளில் யெப்பே மண்டியிட்டான். "என்னையும் மன்னிச்சிடு, ரான்ஹில்... வீட்டுக்கு வா..."

"மாமா தெரியாமப் பண்ணினார். நீ என் முகத்தைப் பாத்துக்கிட்டே அடிச்ச, யெப்பே. நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு ஓலுஃபும் பின்னாலேயே போனார்.